கலப்பு இரும்பு

சாத்தாங்காட்டில் கன்டெய்னரைத் திறந்தால்
முதலில் வருவது வாசம்.
எந்த நாடு என்று பில்லில் இருக்காது,
நடுவில் கப்பல் மாறிய துறைமுகத்தின் பெயர் இருக்கும்.
கட்டில் கால், பஸ் ஜன்னல், ஒரு பள்ளிக்கூட மணி.
அடியில், முழங்கை நீளத்தில்
வெடித்துத் தீர்ந்த குண்டுகளின் கூடு.

டில்லிபாபு இரண்டை எடுத்து வெயிலில் திருப்பினான்.
ஒன்றில் ஏ பி சி டி.
மற்றதில் கண்ணாடியில் தெரிவது போலத் திரும்பிய எழுத்து.
"இன்னாபா, அங்க அடிச்சிக்கினு செத்துட்டு
இங்க ஒரே பொட்டியில வந்துகிறானுங்க?"
பித்தளை கிலோ முந்நூற்றுச் சொச்சம்.
எந்தக் கட்சியின் குண்டுக்கும் அதுதான்.

மூன்றாம் வரிசையில் ஒன்று வெடித்திருக்கவில்லை.
குணநேசன்தான் கண்டான்.
காஸ் கட்டரை அணைத்தான்.
இடது முழங்காலை மண்ணில் ஊன்றி
முகத்தை ஒருபுறம் திருப்பி
உள்ளங்கையைத் தரையோடு தரையாக நீட்டி
வாய்க்குள் சொன்னான்:
ஆராம் ஸே. ஆராம் ஸே.

எட்டு வருஷம் ஒரே கொட்டகை.
காவாங்கரை முகாமிலிருந்து வருகிறான் என்று
எல்லாருக்கும் தெரியும்.
நான் தூத்துக்குடிக்காரன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.
அவன் நம்பவில்லை.
கேட்டதும் இல்லை.

ஆனால் அந்த முழங்கால்!
வடக்கே, பைன் மரமும் பனியுமான ஒரு மலையடியில்
மீசைக்கார ஹவில்தார் ஒருவர்
பிரம்பால் தட்டித் தட்டி மடக்கிய முழங்கால்.
எங்கள் இயக்கங்களின் பெயர் அவர் வாயில் நுழையாது.
ஏ பாட்ச், பி பாட்ச் என்பார்.
நடுவில் முள்வேலி.
அந்தப் பக்கமும் அதே ரொட்டி, அதே பருப்பு,
கிரீஸ் பூசிய அதே பெட்டியிலிருந்து துப்பாக்கி.
பேரேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.
நாங்கள் கொஞ்சம் நிமிர்ந்தால்
அவர்களுக்கு ஒரு பெட்டி கூடப் போகும்.
அவர்கள் நிமிர்ந்தால் எங்களுக்கு.

ஊருக்குத் திரும்பி, வேலி இல்லாமல் எதிர்ப்பட்டபோது
அவன் எந்தப் பக்கம் ஒதுங்குவான்
எத்தனை எண்ணிச் சுடுவான் என்பது
ஏற்கெனவே தெரிந்திருந்தது.
ஒரே வாத்தியார்.

இன்னொன்றும் இப்போதுதான் விளங்கியது.
செம்புக்காக ஒயரை எரிக்கும் நாள்களில்,
தீ பிடிக்க டயரைப் போட்டதும்
குணநேசன் சோற்றை மூடிவிட்டு
மணலி ரோடு வரைக்கும் நடந்து போவான்.
ஆஸ்துமா என்பான்.

அந்தச் சந்தியில் நான் இருந்தேன்.
டயரை உருட்டி வந்தது நானில்லை.
கொளுத்தியது நானில்லை.
வெயிலாய் இருக்கிறதே தம்பி என்று
கடைக்காரர் சோடா உடைத்துத் தந்தார்.
குடித்தேன்.

போலீஸ் வந்தது. மணல் மூட்டை, கயிறு,
இரண்டு நாய்கள்.
"யார்யா முதல்ல பாத்தது?"
முகாம்காரனுக்கு வெடி தெரியும் என்று
ஒரு தாளில் ஏறிவிட்டால்
அது அவனோடு சுடுகாடு வரைக்கும் வரும்.
"நான்தான் சார். கல்குவாரியில் இருந்திருக்கேன்."
எஸ்.ஐ. என் ஆதாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
அது பொய் அட்டை. நல்ல பொய்.

எல்லாம் போனபின்
எடைமேடை ஓரத்தில் உட்கார்ந்திருந்தான்.
என்னைப் பார்க்கவில்லை.
"எந்த பாட்ச்?"
"பி."
தலையை ஆட்டினான்,
இரும்பு எடை சரி என்று ஆட்டுவது போல.

டில்லிபாபு மூன்று கோலி சோடாவோடு வந்தான்,
உயிர் பிழைத்த சந்தோஷமாம்.
குணநேசன் ஒன்றைக் கட்டை விரலால் அழுத்தி உடைத்து
என் பக்கம் நீட்டினான்.
சந்தியைப் பற்றி அவனுக்குத் தெரியுமா,
தாகம் என்று மட்டும் நினைத்தானா?
கண்ணைப் பார்த்தேன்.
கட்டர் வெளிச்சத்தில் வெந்து சிவந்த கண்
எப்போதும் போலத்தான் இருந்தது.

ஆறு மணிக்கு முகாமில் கையெழுத்து.
ஷேர் ஆட்டோவுக்கு ஓடினான்.

பாட்டில் என் கையில் இருந்தது
காஸ் முழுக்க இறங்கும் வரை.